சத்து மாத்திரை

கங்கா குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும், ரமணி அலமாரியிலிருந்த மாத்திரைப் புட்டியை எடுத்தாள். உள்ளே இருந்தவற்றைக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினாள். பள்ளிப் பையில் ஒளித்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, வேறு மாத்திரைகளைப் புட்டியில் நிரப்பினாள். அவையும் வெள்ளை, அவையும் வட்டம். அக்காவுக்கு வித்தியாசம் தெரியாது.

விஷம் ஒன்றும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோறு இறங்காத பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பசி மாத்திரைதான். கோலாசிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கியது.

எல்லாம் ராவாங்கிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களால் வந்தது. மாப்பிள்ளை தனபாலனுக்குத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய அம்மா கங்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கொஞ்சம் ஒடம்ப மட்டும் கொறைக்கட்டும். தீவாளி கழிச்சு வந்து நிச்சயம் பண்ணிக்கிறோம்.”

அன்றிலிருந்து கங்கா சோற்றைப் பாதியாக்கினாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துவிட்டு வந்த களைப்போடு, சாயங்காலம் தோட்டத்துப் பந்துத் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். “சோத்தக் கொறைச்சுக்கிட்டு ஓடுனா ஒடம்புக்குச் சத்து வேணும். தெனம் ஒண்ணு போடு” என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கொடுத்ததுதான் அந்தப் புட்டி.

அக்கா இளைத்தால் கல்யாணம். கல்யாணம் ஆனால், நாலாம் பாரம் படிக்கும் ரமணிதான் அக்காவின் மரங்களை வெட்டப் போகவேண்டும். அம்மா வேலம்மாவுக்கு முட்டி போய்விட்டது. வேலைக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தோட்ட நிர்வாகம் காலி செய்யச் சொல்லிவிடும்.

“அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுடு” என்று அம்மா சொன்ன அன்றுதான் ரமணிக்கு அந்த யோசனை வந்தது. பசி எடுத்தால் அக்கா சாப்பிடுவாள். சாப்பிட்டால் இளைக்கமாட்டாள்.

ஆனால் கங்கா வாரத்துக்கு வாரம் இளைத்தாள். அடுத்த வீட்டு நாகமணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னாடி கங்கா, அவங்க பொண்ணு கேட்டாங்களா, கொடிக்கயிறு கேட்டாங்களா?”

“எது கேட்டாலும் குடுத்துடலாம் நாகமணிக்கா.”

ரமணிக்குத்தான் நிம்மதி போயிற்று. கங்கா விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போதே தங்கையை எழுப்பி, தலைவாரிப் பின்னி, தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க ரமணிக்குக் கூசியது.

செய்த பாவம் சும்மா விடவில்லை. வகுப்பில் கண்ணைச் சொக்கிக்கொண்டு தூக்கம் வந்தது. வீட்டுக்கு வந்தால் சட்டியில் இருந்ததெல்லாம் காலியாகியது. மனசுக்குள் கவலை இருந்தால் சிலர் இப்படித்தான் அள்ளி அள்ளித் தின்பார்களாம் என்று நினைத்துக்கொண்டாள். பள்ளிக் கவுனின் இடுப்புக் கொக்கி எட்டவில்லை.

“அவ விடுற சோத்தையும் சேத்து நீயே முடிச்சிடுற போல” என்றாள் அம்மா.

தீபாவளி முடிந்த வாரம், ஓடிக்கொண்டிருந்த கங்கா திடலில் அப்படியே சுருண்டு விழுந்தாள். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். செய்தி கேட்ட ரமணி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள்.

“ஒண்ணும் இல்ல லா, கொஞ்சம் கண்ண இருட்டுச்சு” என்றாள் கங்கா, கட்டிலில் படுத்தபடி.

டிரசர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். “ரத்தமே இல்ல. குடுத்த மாத்திரைய ஒழுங்கா போடுறியா?”

கங்கா சுவரைப் பார்த்தாள். “புட்டியில இன்னும் கொஞ்சந்தான் இருக்கு ஐயா.”

“பாக்கிய முடிச்சிட்டு வா, வேற தர்றேன்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

ரமணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கங்கா அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள்.

“ஏன்டி அழுவுற? பள்ளிக்கூடத்த நெனைச்சா? நீ மரம் வெட்டப் போவ வேணாம். உன்னையும் அம்மாவையும் ராவாங்குக்கே கூட்டிக்கலாமான்னு அவருகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. நீ அங்கேர்ந்து படிக்கலாம். அதுக்குத்தானே இந்த ஓட்டம் ஓடுறேன்.”

அதற்கு மேல் ரமணியால் தாங்க முடியவில்லை.

“அக்கா, நீ அந்த மாத்திரைய இனிமே தொடாத. அது டிரசர் குடுத்தது இல்ல. நான் மாத்திட்டேன். பசி எடுக்குற மாத்திரை. நீ குண்டாவணும், கல்யாணம் நிக்கணும்னு நான்தான் மாத்தி வெச்சேன். அதனாலதான் இப்பிடி விழுந்துட்ட. என்ன அடிச்சுக் கொன்னு போட்டுடு.”

கங்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ரமணி கண்ணை மூடிக்கொண்டு அறைக்காகக் காத்திருந்தாள். வந்த கை அவள் கன்னத்தை ஏந்தி, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியது. கங்கா அதைப் பயத்தோடு பார்த்தாள்.

“அடிப்பாவி, படிக்கிற புள்ளன்னு அது அத்தனையும் ஒனக்குத்தானடி தேத்தண்ணியில கரைச்சுக் குடுத்தேன்.”