சைலன்சர்

"அக்கா, நான் பேசறது கேக்குதா? கொஞ்சம் பொறுமையா கேளு. இன்னைக்காவது கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சிடறேன்."

கார் ஷெட்டுக்குள் மனைவியின் குரல் கேட்டதும், காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மருந்துக்கடைக்காரருக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. அங்கிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய செருப்பும் கணுக்காலும்தான்.

அவர் அங்கே இருப்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. மத்தியானம் சாப்பிடும்போது, உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று அவள் ஆரம்பித்ததுமே, சைலன்சருக்கு கிளாம்ப் வாங்கி வருகிறேன் என்று கையைக் கழுவிக்கொண்டு நழுவியவர் அவர். கடைக்குப் போனது என்னவோ உண்மைதான். திரும்பி வந்தது மட்டும் பக்கவாட்டுக் கதவு வழியாக, பூனை மாதிரி. டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்ததால் ஜன்னல் திட்டில் கிடந்த போனை எடுத்து விளக்கைப் போட்டு, சக்கரத்தோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே புகுந்துகொண்டார்.

மருந்துக்கடையில் நாள் முழுக்க அடுத்தவர் இருமலையும் வயிற்றுவலியையும் பேசிப் பேசியே அவருக்குப் பேச்சு தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்காத சாமான்களோடு இருப்பதில்தான் அவருக்கு நிம்மதி. அவற்றுக்கு உறவுமுறைகூட வைத்திருந்தார். கவ்வினால் விடாத பூட்டுக் குறடு, மச்சான். எந்த இடுக்கிலும் நுழைந்து காரியத்தை முடித்துவிட்டு வரும் பத்தாம் நம்பர் ஸ்பேனர், சித்தி. கனத்துப்போய், எதற்கும் வளைந்து கொடுக்காத வீல் ஸ்பேனர், மாமனார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லோருக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் படுக்க வைப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்பது வீட்டில் இருக்கிற குறை.

இன்றைக்கு அதே இடத்தில் வகையாக மாட்டிக்கொண்டார். இடது கை சைலன்சர் குழாயைத் தாங்கிப் பிடித்திருந்தது. விட்டால் அது நெஞ்சில் விழும். விழுகிற சத்தத்துக்குத் தெருவே திரண்டு வரும். மச்சானை வைத்துக் கவ்வவிடலாம் என்றால், அந்தக் குறடு மச்சானோ கைக்கு எட்டாத தூரத்தில் அவள் காலடியில் கிடந்தார். முதலிலேயே தொண்டையைச் செருமியிருக்கலாம். இனிமேல் செருமினால் ஒட்டுக்கேட்டவன் என்ற பட்டம்தான் மிஞ்சும்.

அவள் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். மகன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீட்டில் குக்கர்தான் பேச்சுத்துணை என்றாள். தான் உட்கார்ந்தால் இவர் எழுந்துவிடுகிறார், தான் வாயெடுத்தால் காருக்கு உலகத்தில் இல்லாத நோயெல்லாம் வந்துவிடுகிறது என்றாள். அக்கா ஊரில் திறக்கப்போகிற குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ள நாளைக்கே வருவதா, இல்லையா என்று இன்று சொல்லியாக வேண்டும். வந்தால் அங்கேயே தங்கிவிடுவதுதான். பெட்டியும் பாதி அடுக்கியாகிவிட்டது என்றாள்.

பெட்டி அடுக்கியதுகூட மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாது. துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது, கை மரத்துப்போனது, எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அசையத்தான் வழியில்லை.

"ஸ்பேனருக்கெல்லாம் முறை வச்சுக் கூப்பிடறாருக்கா. என்னைக் கல்யாணமான நாள்லேருந்து 'இந்தா'ன்னுதான் கூப்பிடறாரு." அவள் செருப்பு நுனி தரையைக் கீறியது. "போகாதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும், பெட்டியைப் பிரிச்சிடுவேன். அதுக்குக்கூட அவருக்கு வாய் வராது."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வாயைத் திறந்தார்; உள்ளே போனது துருதான்.

பேச்சு நின்றது. மறுமுனையில் அக்காக்காரி யோசனை சொல்கிறாள் போலும் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டார். கிளம்பி வா என்பாளோ, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்பாளோ. வாய்க்கு வந்தபடி பேசுகிறவள் என்று அவளை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தவர், இந்த ஒரு தடவை நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடம்மா என்று மனதுக்குள் கெஞ்சினார்.

அந்த நேரம் பார்த்து, சக்கரத்தோரம் இருந்த போன் அலறியது. சும்மா இருந்த வலது கையால் அதை இழுத்து அதன் வாயை அடைக்கப் பார்த்தார். திரையில் 'அக்கா' என்று மின்னியது. அவருடைய போனில் அப்படியொரு பெயரே கிடையாது. இது மனைவியின் போன்.

செருப்புகள் கிட்டே வந்தன. வெறுங்கைகள் இரண்டையும் தரையில் ஊன்றி, மனைவி காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் ஈரம்.

"எடுங்க. நாளைக்கு நான் வர்றேனா இல்லையான்னு நீங்களே சொல்லிடுங்க."