ஐந்து ஊர் விடுதி

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் தையல்காரரின் மகளுக்கு ஒரே குஷி. சுற்றுலா போகிறவள் போலக் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டாள்.

"பதினாலாம் நம்பர் சீட்டு காலிதான், உக்காருங்க. ஆனா செருப்பைப் படியிலயே கழட்டிட்டு வரக் கூடாதா தம்பி?" என்றாள் முன் இருக்கைப் பெண்மணி.

பேருந்தில் இப்படியும் ஓர் ஆசாரமா என்று நினைத்தபடியே தையல்காரர் போய்க் கழற்றினார். படியருகே ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஜோடிகள் வரிசையாகக் கிடந்தன.

சாலையை அகலப்படுத்தியபோது அவர் வீடு சாலைக்குள் போய்விட்டது. நாளைக் காலைக்குள் படிவத்தில் ஒரு முகவரி எழுதித் தராவிட்டால் மகளுக்குப் பள்ளியில் இடமில்லை. வீடில்லாதவர்களுக்கு ஐந்து ஊர்கள் சேர்ந்து விடுதி நடத்துவதாகச் சொல்லி, ஓர் எழுத்தர்தான் இந்தப் பேருந்தில் ஏற்றிவிட்டார். ஊர் கூடினாலே தேர் நகரும். இங்கே ஐந்து ஊர் கூடியிருந்தது.

முதல் ஊரில் ஓர் அதிகாரி ஏறி, ஆளுக்கொரு போர்வை கொடுத்தார்.

"விடுதி இங்கதானா சார்?"

"ஐயையோ, எங்க ஊர்லயா! அடுத்த ஊருங்க."

அடுத்த ஊரில் மருத்துவர் ஏறினார். "நாக்கை நீட்டுங்க. எங்க ஊர் பங்கு மருந்து மட்டுந்தான். விடுதியெல்லாம் அடுத்த ஊர்ல கேளுங்க."

மூன்றாவது ஊரில் ஒருவர் சாப்பாடு கொண்டுவந்தார். நான்காவது ஊரில் முடிதிருத்துபவர் வந்தார். இருவரும் முன்னால் கை காட்டினார்கள். பேருந்திலிருந்து ஒருவரும் இறங்கவில்லை.

"பொழுது சாயுதே அக்கா, எப்பதான் போய்ச் சேருவோம்?"

"நானும் மொத நாள் இப்படித்தான் பறந்தேன்," என்றாள் பெண்மணி, கம்பியில் காய்ந்த துண்டை மடித்தபடி.

ஐந்தாவது ஊர் அதிகாரியிடம் கனமான முத்திரை இருந்தது. பள்ளிப் படிவத்தை வாங்கி, 'கூட்டு விடுதி, எண் 14' என்று எழுதி ஓங்கிக் குத்தினார்.

"இனி எந்தப் பள்ளிக்கூடமும் பாப்பாவை வேணாம்னு சொல்ல முடியாது, போங்க!"

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்பப் புண்ணியமாப் போகும் சார். பதினாலாம் நம்பருக்குச் சாவி யாருகிட்ட வாங்கணும்?"

"சாவியா? அது டிரைவர்கிட்டயே இருக்கட்டும்."