வெள்ளித் தண்ணீரும் ஐந்தாவது வாரமும்

"முதல் பாட்டில்ல லிட்டருக்கு இருபது மில்லிகிராம் வெள்ளி இருந்துச்சு. இதைக் குடிச்சுக்கிட்டே இருந்தா தோல் நீலமாயிடும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் ஆய்வுக்கூட அதிகாரி.

எதிரே நின்ற தச்சர் தலையாட்டினார். நோய்க்கு மருந்தென்று நம்பி, தண்ணீரில் வெள்ளிக் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சி, வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடித்து வந்தவர் அவர். அளந்து பார்க்க வாரம் தவறாமல் ஒரு பாட்டிலோடு வந்துவிடுவார். இது ஐந்தாவது வாரம்.

அவள் கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுல வெள்ளியே இல்ல. போன மூணு பாட்டில்லயும் இல்ல, போனாப் போகுதுன்னு விட்டேன். வெறும் தண்ணியைக் கொண்டு வந்து யாரை ஏமாத்துறீங்க?"

"நீங்க சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேன், மேடம்."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வர்றீங்க?"

தச்சர் குனிந்துகொண்டார். "வேற எதைக் கொண்டு வந்தா நீ என்கிட்ட பேசுவே? உன் கல்யாணத்துக்கு நான் வராதது தப்புதான். நாலு வருஷமா போனைக்கூட எடுக்க மாட்டேங்கிறியே."

அவள் பாட்டிலை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இனிமே இங்க வராதே" என்றாள்.

அவர் முகம் வாடிப்போனது.

"வீட்டுக்கு வா, அண்ணா. என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா. இன்னும் அவ மாமாவைப் பார்த்ததே இல்ல."