மூன்றாவது படி

ஞாபகத்துக்கு விலை நாலாயிரத்து ஐந்நூறு என்றார் கடைக்காரர் தாஜுதீன் பாய். பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் படமும் தரும் பொன்மணிக்கு, தேதியை மறந்ததால் போன வாரம்தான் ஒரு பத்திரிகை கைவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இருப்பது ஒன்று. வேலைகளைக் கணக்கு வைக்கும் மென்பொருள் இல்லாமல் இனி ஆகாது. அதற்காகச் சொன்ன விலைக்கு வாங்கினால் பஜாரில் மரியாதை உண்டா? வேலைகளைக் குறித்துப் பையில் போட்டிருந்த துண்டுச்சீட்டுகளைக் கொடுத்து, "இதையெல்லாம் ஏத்தி ஓட்டிக் காட்டுங்க. ரெண்டாயிரம் தர்றேன்" என்றாள்.

அவற்றைக் கணினியில் தட்டிக்கொண்டே பாய் சொன்னார்: "அதுக்குக் கீபோர்டு கூட வராதும்மா."

அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள். மூன்றாவது படியில் கூப்பிடுவார்கள், அதுதான் வழக்கம்.

"தங்கச்சி, திரும்பி வா!"

"குறைச்சாச்சா?"

"விலை கிடக்கட்டும். இங்கே சிவப்பா எரியுது பாரு. 'பேரம் பேசும் முகங்கள்', கட்டுரையும் படமும், இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணி."

மணி நாலு. பொன்மணி கேமராவைத் தூக்கினாள். "ரெண்டாயிரத்துக்கு வராதுன்னு சொன்னீங்களே, அந்த மூஞ்சியை வைங்க பாய்."

பாய் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. "மூஞ்சி வாடகை ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"பத்திரிகையில வரப்போறீங்க. விளம்பரக் கூலி ரெண்டாயிரத்து ஐந்நூறு."

அதற்கு இது சரியாய்ப் போயிற்று. மென்பொருளோடு அவள் ஓடினாள். அதன் விலை நாலாயிரத்து ஐந்நூறு அப்படியே பாக்கி.