ஐம்பத்திரண்டு கிலோ மூட்டை

கசாபிளாங்கா பந்தயத்தில் முதலாவதாக வந்த குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் ஹாஜி பூஷைப். மாவு மண்டிக்காரர். இது அவருடைய முதல் குதிரை; போன மாதம்தான் வாங்கியிருந்தார்.

"யார் உக்காந்திருந்தாலும் இது ஜெயிச்சிருக்கும். நீ வெறும் மூட்டை, லார்பி! இறங்கு, என் மகன் ஏறிப் போட்டோ எடுக்கணும்."

"ஹாஜியாரே, முதல்ல உள்ள போய்..."

"வாயை மூடு. சேணத்தைக் கழட்டி வச்சிட்டு பஸ்ஸைப் பிடி. இனிமே என் மகன்தான் ஓட்டுவான்."

குதிரை ஓட்டிய லார்பி இறங்கி, சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தான். வாசல் கடையில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது. இரண்டாவதாக வந்த குதிரைக்குத்தான் பரிசாம். ஹாஜியார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டேய், வாடா! ஓட்டினவன் சேணத்தோட தராசுல ஏறி ஐம்பத்திரண்டு கிலோ எடை காட்டணுமாம். காட்டலைன்னு நம்ம குதிரையைப் பந்தயத்துலேருந்தே தள்ளிட்டாங்கடா!"

"அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்க மண்டியில மூட்டையை நிறுக்காம விடுவீங்களா, ஹாஜியாரே?"

"இப்ப வந்து ஏறேன்டா!"

"நேரம் போச்சு. அந்த ஐம்பத்திரண்டு கிலோவுக்கு உடம்பைக் குறைக்க ஒன்பது நாள் பட்டினி கிடந்தேன். பரிசுல என் பங்கும்தான் போச்சு."

பஸ் வந்தது. லார்பி ஏறி உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தான்.