ரக்னா கதவு

“மனித குலத்தின் வரலாறே, கதவை மூடக் கற்றுக்கொண்ட வரலாறுதான்” என்று ஸ்டெய்னார் போனில் ஆரம்பித்தபோது, திட்டுவதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று ரக்னா நினைத்தாள்.

அவன் அந்த சால்மன் மீன் பண்ணை நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புத் தலைவன். அவள் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவள். போன வாரம் அவளிடமிருந்து லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியவன் அவன்தான்.

வேலையை விட்டே தூக்குவதா வேண்டாமா என்று நாளைக்கு விசாரணை. தூக்கிவிட்டால் ரக்னா ஊரையே காலி செய்ய வேண்டியதுதான். நார்வேயின் அந்தக் கரையோரத்தில் சர்வர் வைத்திருப்பது ஒரே ஒரு நிறுவனம். மற்றவர்களிடம் இருப்பது மீன்.

அவள் செய்த குற்றம் இதுதான். டேட்டாபேஸ் சர்வரை எந்த முகவரியிலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம் என்று திறந்து வைத்திருந்தாள். ஸ்டெய்னார் இதைத் திரையில் படம் போட்டு, மொத்த அலுவலகத்துக்கும் அரை நாள் விளக்கினான். அன்றிலிருந்து அங்கே யாராவது ஃப்ரிட்ஜை மூடாமல் போனால்கூட அதற்குப் பெயர் ரக்னா கதவு.

“வரலாறு கிடக்கட்டும். என்ன ஆச்சு?” என்றாள். வீட்டிலேயே இருந்தும், பழக்க தோஷத்தில் காலையில் காகிதத்தில் மடித்து வைத்த மத்தியான ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“கடல்ல ஆக்ஸிஜன் அளக்கிற மிதவை ஒண்ணுகூட சர்வரோட பேச மாட்டேங்குது. மீன் கூண்டுல எவ்வளவு இருக்குன்னே தெரியல. மீனெல்லாம் மல்லாந்துடும்னு டைரக்டர் கத்தறாரு. சர்வர் செத்துப்போச்சு, ரக்னா.”

“ஆபீஸ்குள்ள இருந்து பாத்தா வருதா?”

“வருது.”

“அப்ப சாகல. உன் செல்போன் இணைப்புல, வெளியாள் மாதிரி தட்டிப் பாரு. பாஸ்வேர்ட் தப்புங்குதா, முடியாதுன்னு உடனே மூஞ்சில அடிக்குதா, இல்ல சும்மா சுத்துதா?”

அவன் தட்டிப் பார்த்தான். “சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு.”

“பாஸ்வேர்ட் தப்புன்னா வீட்டுக்குள்ள போயாச்சு. முடியாதுன்னா வீட்ல ஆள் இல்ல. பதிலே வரலைன்னா, வாசல்ல நிக்கிற காவக்காரன் முழுங்கறான். அவன்கிட்ட யாரு என்ன சொல்லி வெச்சது?”

“நான்தான். ஒவ்வொரு மிதவையோட அட்ரஸையும் எடுத்து, அதை மட்டும் உள்ள விடுன்னு நேத்து ஒரு கான்ட்ராக்ட் ஆளை வெச்சுப் போட்டேன். கச்சிதமான வேலை.”

“அந்தக் கச்சிதமானவனையே கூப்பிடேன்.”

“லீவு போட்டு மலைக் குடிசைக்குப் போயிட்டான். அங்க டவரே கிடையாதாம்.”

ரக்னாவுக்குச் சிரிப்பு வந்தது. “மிதவைங்க எல்லாம் சிம் கார்டுல ஓடுது, ஸ்டெய்னார். மோடம் ஒரு தடவை அணைஞ்சு எழுந்தா புது அட்ரஸ். நேத்து ராத்திரி அடிச்ச காத்துல எல்லாம் அணைஞ்சு எழுந்திருக்கும். உன் காவக்காரன் பழைய ஆளுங்களைத் தேடிக்கிட்டு நிக்கறான்.”

“இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேனே! மிதவைங்களுக்குன்னு தனிப் பாதை போட்டுக் குடுன்னு கேட்டேன். அடுத்த வருஷத் திட்டத்துல பாக்கலாம்னு நீதான் சொன்னே. அதுவரைக்கும் மீன் மூச்சு விடணுமேன்னுதான் திறந்து வெச்சேன்.”

“இப்பவும் அதைத் தவிர வேற வழி இல்லையா?”

“தனிப் பாதை போட ஒரு வாரம் ஆகும். மூச்சை ஒரு வாரம் பிடிச்சுக்கச் சொல்லி மீன்கிட்ட பேசிப் பாரு.”

ஸ்டெய்னார் பெருமூச்சு விட்டான். “பாதுகாப்புத் தலைவன் சர்வரைத் தொடறதில்ல. அது என் கொள்கை.”

“இன்னிக்குத் தொடு. செத்த மீன்கிட்ட கொள்கை பேச முடியாது.”

நாற்காலி நகரும் சத்தம். யாரோ அறைக் கதவைச் சாத்தும் சத்தம். “பேர் கேக்குது” என்றான் தாழ்ந்த குரலில்.

“போட்டுட்டு உள்ள போ.”

சற்று நேரம் விசைகள் மட்டும் பேசின. பிறகு, “போயிட்டேன்.”

அவள் ஒவ்வொரு படியாகச் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் செய்தான். முகவரிப் பட்டியலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘எல்லோரும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரே ஒரு சொடுக்குச் சத்தம்தான் கேட்டது.

“பச்சை” என்றான். “இன்னொண்ணும் பச்சை. எல்லாம் பச்சை! ஆக்ஸிஜன் இறங்கியிருக்கு, ஆனா பம்பு ஓட ஆரம்பிச்சிடுச்சு. நீ ஒரு தங்கம், ரக்னா.”

அப்படி ஒரு வார்த்தையை அவள் அந்த அலுவலகத்தில் கேட்டதே இல்லை. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். கடல் தெரிந்தது. ஊரை விட்டுப் போகவேண்டியிருக்காது என்று முதல் தடவையாகத் தோன்றியது.

“நாளைக்கு விசாரணையில இதை மட்டும் சொல்லிடு, ஸ்டெய்னார். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

“எதை?”

“வேற வழி இல்லாம நீயும் திறந்தேங்கறதை.”

ஸ்டெய்னார் யோசித்தான். பதில் சொன்னபோது அவன் குரலில் கோபமில்லை, கேலியில்லை. ஒரு சின்னக் கணக்குப் பிழையைத் திருத்துகிறவனின் பொறுமைதான் இருந்தது.

“நானா? நான் உள்ள போனது உன் பேரைப் போட்டுத்தானே.”