பூஜை போட்ட கேஷ்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பாகலூர் ரோட்டு சாஃப்ட்வேர் கம்பெனியில் கோடை புரோகிராமாக மாற்றும் கம்பைலரைப் புதிதாகப் போட்டதிலிருந்து மூன்று நாளாக பில்டு ஃபெயில். பழைய கம்பைலர் செய்து வைத்ததையே கேஷ் என்னும் சேமிப்பறை இன்னும் எடுத்து நீட்டுகிறது. அது குடியிருக்கும் சர்வரில் ஆயுத பூஜைக் குங்குமம் மின்னுகிறது. ஏசிக் காற்றில் சாமந்தி இதழ் ஆடுகிறது. “தப்பு பூங்கொடி கோடுலதான். அஞ்சு மணிக்குள்ள சரியாகலன்னா டீம விட்டு அனுப்பிடுவேன்” என்கிறார் மேனேஜர் எத்திராஜ். “கேஷை அழிச்சுப் பாக்கலாங்களா சார்?” என்கிறாள் பூங்கொடி. “பூஜை போட்டத யாராச்சும் அழிப்பாங்களாம்மா?” பக்கத்து சீட் முனிராஜ் தலை நிமிராமல், “கேன்டீன்ல போண்டா தீரப்போவுது சார்” என்கிறான். மேனேஜர் விரைகிறார். பூங்கொடியின் விரல் எண்டரைத் தட்டுகிறது. அவர் வாயைத் துடைத்தபடி திரும்பும்போது பில்டு பாஸ். தன் தலைமையில் ராப்பகலாகப் போராடி வென்றதாகத் தலைமையகத்துக்கு மெயில் அடிக்கிறார். கேஷை அழிக்க நாலு வினாடி ஆனது.